ஒத்துக்காத சாப்பாடு - 6: பெருங்காயமும் மாவு மில்லும்

கோதுமை ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டால் அந்த வீட்டில் முதலில் நடப்பது துப்புரவுப் பணி. ஆட்டா, ரவை, சேமியா, மைதா, பிஸ்கட் டப்பா எல்லாம் ஒரு பையில் ஏறி பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். திருச்சியில் என் அக்கா வீட்டிலும் அப்படித்தான். அக்கா மகளுக்குச் சீலியாக் நோய் என்று தெரிந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. "சோறு திங்கிற ஊர்ல பொறந்தது நல்லதாப் போச்சுடி. இட்லி, தோசை, இடியாப்பம், ஆப்பம் எதுலயும் கோதுமை இல்லையே" என்று அக்கா தேறிக்கொண்டாள். அவள் சொன்னதில் பாதி சரி. இந்த வாரம் மீதிப் பாதியைப் பார்க்கலாம்.

இதுவரை இந்தத் தொடரில் பார்த்த பால் தொந்தரவு வேறு, இது வேறு. பாலில் இருக்கும் சர்க்கரையைச் செரிக்கிற நொதி குறைந்தால் வயிறு உப்பும், ஓடும். பாலைக் குறைத்தால் அடங்கிவிடும். தயிரும் நெய்யும் பலருக்குத் தாங்கும். சீலியாக்கில் கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும், உடலின் எதிர்ப்பு சக்தி தன் சிறுகுடலையே தாக்கத் தொடங்குகிறது. சத்தை உறிஞ்சும் நுண்ணிய மடிப்புகள் தேய்ந்து மட்டமாகிவிடும். அப்புறம் எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. வயிற்றுவலியே இல்லாமல் வெறும் ரத்தசோகையாக, வளர்ச்சிக் குறைவாக மட்டும் தலைகாட்டுவதும் உண்டு. அக்கா மகள் இரும்புச் சத்து டானிக்கும் பூச்சி மருந்தும் மாற்றி மாற்றிக் குடித்தது அதனால்தான்.

நம் பக்கத்தில் யாரும் சட்டென்று இதைச் சந்தேகப்படுவதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. ஹரியானா, அசாம், வேலூர் என்று மூன்று இடங்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பரிசோதித்த ஓர் ஆய்வு 2016-ல் வெளிவந்தது. வடக்கே ஆயிரத்தில் எட்டுப் பேருக்கு மேல் சீலியாக் இருந்தது. வேலூர்ப் பக்கம் பத்தாயிரத்தில் ஏறக்குறைய ஒருவர்தான். இந்த நோய்க்கு இடம்கொடுக்கிற மரபணுவோ மூன்று இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவில், மூன்றில் ஒருவரிடம் இருந்தது. வித்தியாசம் தட்டில்தான். அங்கே ஒருவர் ஒரு நாளைக்கு 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், இங்கே 25 கிராம். இப்போது சர்க்கரை வந்தவர் வீட்டில் எல்லாம் ராத்திரி சப்பாத்தி, காலையில் கோதுமை ரவை உப்புமா என்று ஆகிவிட்டது. அந்த 25 கிராம் இனியும் 25 ஆகவே இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்ததும் கோதுமையை நிறுத்திவிட்டு அப்புறம் டாக்டரிடம் போகாதீர்கள். ரத்தப் பரிசோதனையும் எண்டோஸ்கோப்பியும் செய்யும்போது கோதுமை உடம்பில் போய்க்கொண்டிருக்க வேண்டும். நிறுத்திவிட்டால் ரத்தத்தில் அடையாளம் மங்கிவிடும், நோய் இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிடும்.

கோதுமைதான் குற்றவாளி என்று கண்டுபிடிக்கவே உலகத்துக்கு வெகுகாலம் ஆனது. லண்டனில் சாமுவேல் ஜீ என்ற டாக்டர் 1888-ல் இந்த நோயைத் தெளிவாக எழுதிவைத்தார், உணவுதான் மருந்து என்பதையும் கண்டுகொண்டார். ஆனால் அவர் ஆகாது என்று ஒதுக்கிய பட்டியலில் அரிசியும் ஜவ்வரிசியும் இருந்தன! தினமும் ஒரு லிட்டருக்கும் மேலாகச் சிப்பி சாப்பிட்ட குழந்தை தேறியதையும், சிப்பி சீசன் முடிந்ததும் மறுபடி விழுந்ததையும் குறித்திருக்கிறார். அடுத்து அமெரிக்காவில் வாழைப்பழ வைத்தியம் வந்தது. கடைசியில் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கெ கோதுமையைச் சுட்டிக்காட்டினார். போருக்கு முன்பிருந்தே அவருக்கு அந்தச் சந்தேகம் உண்டு. 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காமல் ஊரே வாடியபோது, இந்தக் குழந்தைகள் மட்டும் தேறியது அவர் சந்தேகத்தை உறுதியாக்கியது என்பார்கள். 1950-ல் ஆய்வேடாகவே எழுதி முடித்தார்.

சரி, அடுப்படிக்கு வருவோம். இந்த நோய் வந்த தமிழ்க் குடும்பங்கள் கூடினால் முதலில் பேசுவது பெருங்காயத்தைப் பற்றி. கடையில் விற்கும் பெருங்காயத்தூள் சுத்தப் பெருங்காயம் கிடையாது. ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கமிருந்து வருகிற பிசின் மிகக் காரமானது, அப்படியே போட்டால் குழம்பு நாறிவிடும். அதனால் கருவேலம் பிசின் போன்றவற்றோடு மாவையும் சேர்த்து இளக்கி விற்கிறார்கள். அந்த மாவு பெரும்பாலும் மைதா. கட்டிப் பெருங்காயமும் அப்படித்தான். டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் போட்டிருக்கும். இது தெரிந்த அன்று அக்காவுக்குத் தூக்கமில்லை. சாம்பார், ரசம், ஊறுகாய், மோர்மிளகாய், முறுக்கு, கோயில் புளியோதரை என்று அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

என் கட்சி வேறு. பெருங்காயத்துக்குக் கிடைக்கும் கெட்ட பெயர் கொஞ்சம் அதிகம். ஒரு சிட்டிகை 200 மில்லிகிராம் என்று வையுங்கள். அதில் பாதி மைதா என்றாலும் 100. மைதாவில் பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்றால் பானை ரசத்துக்கே 10 மில்லிகிராம்தான் வரும். நாலு பேர் சாப்பிட்டால் ஆளுக்கு இரண்டரை. மாற்றுவதும் எளிது. அரிசிமாவு சேர்த்த பெருங்காயம் விற்கிறார்கள், பார்த்து வாங்கலாம். இல்லையா, பூண்டும் சீரகமும் தட்டிப் போட்டு ரசம் வையுங்கள், ஒன்றும் குறைந்துபோகாது. மாற்ற முடிந்ததை மாற்றிவிட வேண்டியதுதான். ஆனால் தூக்கம் கெட வேண்டிய இடம் அது இல்லை.

அந்த இடம் மாவு மில்.

உறையூரில் அக்கா போகிற மில்லில் மிளகாய், மல்லிக்கு ஒரு மிஷின், மாவுக்கு ஒரு மிஷின். பச்சரிசியும் கேழ்வரகும் கம்பும் கோதுமையும் அந்த ஒரே மாவு மிஷினில்தான் ஓடும். மேலே தகரப் புனலில் தானியத்தைக் கொட்டுகிறார்கள். கீழே மாவு விழும் வாயில் பனியன் கை மாதிரி ஒரு துணிக்குழாய் கட்டியிருக்கிறது. அரைத்து முடிந்ததும் மில்காரர் அந்தத் துணியை உள்ளங்கையால் நாலு தட்டு தட்டுவார், மடிப்பில் ஒட்டியிருந்த மாவு புஸ்ஸென்று நம் தூக்கில் விழும். நம் அரிசியின் கடைசி மாவு நமக்கு வந்துவிட்டது என்று நாம் திருப்திப்படுவோம். நமக்கு முன்னால் நின்றவரின் மாவும் அதில்தான் இருக்கிறது.

"அண்ணே, இதுக்கு முன்னாடி என்ன ஓட்டுனீங்க?"

"கோதுமைதாம்மா. ஒரு பெரிய டின்னு. ஏன், ருசி ஒண்ணும் மாறாது."

ருசி மாறாதுதான். ஒரு கிலோ அரிசி மாவில் முந்தையவரின் கோதுமை மாவு ஒரு ஸ்பூன், அதாவது ஐந்து கிராம், கலந்தால் அதில் அரை கிராம் குளூட்டன் வரும். கிலோவுக்கு 500 மில்லிகிராம். குளூட்டன் இல்லாதது என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டுமென்றால் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது நம் நாட்டு விதி. அந்த மாவில் 100 கிராம் எடுத்து இடியாப்பம் பிழிந்து கொடுத்தால் பிள்ளை வயிற்றுக்குள் 50 மில்லிகிராம் போகிறது. தினமும் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் கொடுத்தாலே குடல் மடிப்புகள் கெடும் என்று இத்தாலியில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு கிண்ணம் ரசத்தோடு ஒப்பிட்டால் இந்த இடியாப்பம் இருபது மடங்கு. கோதுமையே இல்லாத பலகாரம் என்று நம்பிக் கொடுப்பது அது.

மில்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர் தொழில் அது. முதல் ஆளாகப் போய் அரைத்தாலும் நேற்றைய மாவு துணியில் இருக்கும். எனவே மாவை வீட்டிலேயே வைத்துக்கொள்வதுதான் வழி. பச்சரிசியைக் களைந்து ஊறவைத்து, வடித்து, நிழலில் துணியில் உலர்த்தி, கையில் ஒட்டுகிற ஈரம் இருக்கும்போதே மிக்ஸியில் அரைத்துச் சலித்து, வாணலியில் வறுத்து வைக்க வேண்டும். அலுப்பான வேலைதான். சல்லடை மட்டும் புதிதாக வாங்கிவிடுங்கள். பழைய சல்லடையின் கண்ணில் இருக்கும் மைதா எத்தனை கழுவினாலும் போகாது. மரக்கரண்டியும் பூரிக்கட்டையும் அந்த ரகம். எவர்சில்வர் பாத்திரங்களை வழக்கம்போல் விளக்கினால் போதும். கடையில் வாங்கும் கேழ்வரகு மாவு, சத்துமாவுக்கும் இதே கேள்விதான். சத்துமாவில் கோதுமையை வேண்டுமென்றே சேர்ப்பார்கள்.

சமைப்பதில் நம் கைக்கு ஒரு வசதி உண்டு. குளூட்டன் செய்வது இழுவை. சப்பாத்தி கிழியாமல் விரிவதும், ரொட்டி உப்பி நிற்பதும் அதனால். அரிசிக்கு இழுவை கிடையாது. மேலைநாட்டு அடுப்படியில் இதற்குக் கோந்துப் பொடி வாங்கிக் கலக்கிறார்கள். நம் வீட்டில் கொதிக்கும் வெந்நீரை ஊற்றிக் கிளறுகிறோம். மாவில் பாதி அங்கேயே வெந்து பசையாகி, மீதியைப் பிடித்துக்கொள்கிறது. கொழுக்கட்டை மேல்மாவு விரிசல் விடாமல் வருவது அந்தச் சூட்டில்தான், ஆறின தண்ணீர் விட்டால் விண்டுபோகும். உளுந்து இன்னொரு உதவி. அரைத்த உளுந்தின் வழவழப்பு, புளிக்கும்போது வரும் காற்றைப் பிடித்துவைக்கிறது. இட்லி பூப்பது அதனால்தான்.

பிறந்தநாள் கேக் விவகாரமும் அப்படியே தீர்ந்தது. மைதாவுக்குப் பதில் எது போட்டாலும் கேக் மண்ணாக உதிர்ந்தது. கடைசியில் அக்கா கேக்கையே விட்டுவிட்டாள். கேரளத்துக் கிறிஸ்தவ வீடுகளில் செய்கிற வட்டயப்பத்தைப் பிடித்தாள். பச்சரிசி, தேங்காய், சர்க்கரை, ஏலக்காய், கொஞ்சம் ஈஸ்ட். புளித்துப் பொங்கியதும் வட்டத் தட்டில் ஊற்றி, மேலே முந்திரியும் திராட்சையும் பதித்து ஆவியில் வேகவைக்க வேண்டும். மெழுகுவத்தி குத்தினால் நிற்கிறது. தீபாவளிக்கு அதிரசம், மைசூர்பாகு, ஜாங்கிரி ஆகும். பாதுஷா, ஜிலேபி, சோமாசி, குலாப்ஜாமூன் ஆகாது.

விருந்துக்குப் போகும் இடத்தில்தான் சிரமம். "ஒரு வாய் கேசரிதானே, பச்சப் புள்ளைக்கு இல்லேங்காதேடி" என்று அக்கா மாமியார் இன்றைக்கும் கேட்கிறார். உடம்பு சரியில்லை என்று பார்க்க வருகிறவர் கையில் ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கும். அதில் கோதுமையும் இருக்கிறது, முளைகட்டிய பார்லியும் இருக்கிறது. நற்கருணை வாங்குகிற குடும்பமென்றால் அப்பமே கோதுமை. மிகக் குறைந்த குளூட்டன் உள்ள அப்பத்துக்கு வாடிகன் அனுமதி உண்டு, பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். கல்யாண வீட்டுக்கு அக்கா மகள் தூக்கில் தயிர்சாதம் கொண்டுபோகிறாள். முதலில் வெட்கப்பட்டாள். பிறகு அந்தத் தூக்குப் பைக்கு அவளே பூவேலை போட்டு, நடுவில் ஒரு கோதுமைக் கதிரைத் தைத்து, குறுக்கே சிவப்பு நூலில் ஒரு கோடு இழுத்துவிட்டாள். பந்தியில் இப்போது அதைப் பார்த்தே கேட்கிறார்கள், விளக்கம் அவள் வாயாலேயே வருகிறது.

தையல், படம், காகிதக்கூழ் பொம்மை என்று அந்தப் பெண் கை சும்மா இருக்காது. அங்கேயும் கோதுமை வந்து நின்றது. பள்ளிக்கூடக் கைவேலைக்கு மைதாப் பசை, பிசைந்து விளையாடும் வண்ணக் களிமண்ணிலும் பெரும்பாலும் கோதுமை மாவு. தொட்டால் இந்த நோய் வராது. ஆனால் பசை அப்பின விரலைக் கழுவாமல் வாயில் வைக்காத பிள்ளை எங்கே இருக்கிறது? டீச்சரிடம் தனிச் சலுகை கேட்பதைவிட வகுப்புக்கே மாற்றுப் பசை கொடுத்துவிடலாம் என்று அக்கா புளியங்கொட்டைக்குப் போனாள். தஞ்சாவூர் ஓவியக்காரர்களுக்கு அது பழைய சரக்கு, பலகையில் துணி ஒட்டவும் சுண்ணப் பூச்சைக் குழைக்கவும் பயன்படுத்துவார்கள்.

புளியங்கொட்டையை மணல் விட்டு வறுத்தால் மேல்தோல் வெடிக்கும். தட்டிப் புடைத்து வெள்ளைப் பருப்பை மட்டும் எடுத்து ராத்திரி ஊறவைத்து, மையாக அரைத்து, நிறையத் தண்ணீர் விட்டு, கைவிடாமல் கிண்டிக் காய்ச்ச வேண்டும். கண்ணாடி மாதிரி பளபளப்பு வந்ததும் இறக்கி, மெல்லிய துணியில் வடிகட்டினால் கட்டி இருக்காது. மைதாப் பசையைவிடப் பிடிப்பு அதிகம், காய்ந்தபின் காகிதம் சுருங்குவது குறைவு. நேரமில்லாதவர்கள் ஜவ்வரிசியைக் கரைய வேகவிட்டு மசித்துக்கொள்ளலாம், காகிதத்துக்குப் போதும், அட்டைக்குப் போதாது. இரண்டையும் தேவைக்குத் தக்கபடி கொஞ்சமாகக் காய்ச்சுங்கள், மூன்றாம் நாள் நாறும்.

அடுத்த வாரம்: வேர்க்கடலை ஒவ்வாத வீட்டில் சட்னி.

(தொடரும்)