விடுவிக்கப்பட்டோருக்கு அரசு மானியம்: நிபந்தனை யாருடையது?

பிலிப்பி நகரில் குறிசொல்லும் ஆவி கொண்ட அடிமைப் பெண் ஒருத்தியைப் பவுல் விடுவித்த நிகழ்ச்சியை அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரம் கூறுகின்றது. அவளால் அவளுடைய எஜமான்களுக்கு மிகுந்த ஆதாயம் கிடைத்துவந்தது. அந்த ஆதாயம் அற்றுப்போனதைக் கண்ட அவர்கள் பவுலையும் சீலாவையும் அதிகாரிகளிடம் இழுத்துச் சென்றனர். இதன்பின் லூக்கா நம்மைச் சிறைச்சாலைக்கு அழைத்துச் செல்கின்றார். நள்ளிரவுத் துதிப்பாடலும், பூமியதிர்ச்சியும், சிறைக்காவலனின் மனமாற்றமும் நம் பிரசங்கங்களில் தவறாது இடம்பெறுகின்றன. ஆனால் அப்பெண் எங்கே போனாள்? அன்றிரவு அவளுக்கு உணவளித்தவர் யார்? ஆவி நீங்கிற்றேயன்றிச் சட்டப்படி அவள் இன்னும் அடிமையே. ஆதாயம் தராத அடிமையை எஜமான்கள் என்ன செய்திருப்பர்? திருமறை இங்கு மௌனமாயிருக்கின்றது. விரிவுரையாளர்களும் பெரும்பாலும் அவளைக் கடந்தே சென்றுவிடுகின்றனர்.

விடுதலைக்கு மறுநாள் தொடங்கும் தேவைகளைப் பற்றியதே இக்கட்டுரை. மனித வணிகத்திலிருந்து மீட்கப்பட்டவருக்குத் தங்குமிடம், மருத்துவம், மொழிபெயர்ப்பாளர், வழக்கறிஞர், தொழிற்பயிற்சி ஆகிய அனைத்தும் வேண்டும். இவற்றுக்குப் பணம் வேண்டும். பல நாடுகளில் இப்பணத்தை அரசு மானியமாக அளிக்க, சேவையைத் தொண்டு நிறுவனங்களும் திருச்சபை அமைப்புகளும் செய்துவருகின்றன. பணத்தோடு நிபந்தனைகளும் வருகின்றன. அந்நிபந்தனைகள் இறுதியில் யார் தோளில் இறங்குகின்றன என்பது ஆராயத்தக்கது. ஐக்கிய அமெரிக்க நாட்டின் அனுபவத்தை இதற்கு முதன்மைச் சான்றாகக் கொள்வோம். அங்கு இம்மானியத்துக்கெனத் தனிச் சட்டம் உண்டு. அதைக் குறித்துத் திருச்சபை அமைப்பொன்று வழக்கின் நடுவில் நின்ற வரலாறும் உண்டு.

எல் மாண்டி முதல் 2000ஆம் ஆண்டுச் சட்டம் வரை

1995 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் எல் மாண்டி நகரில், முள்வேலியிட்ட ஒரு குடியிருப்பில் அடைக்கப்பட்டு ஆடை தைத்துவந்த 72 தாய்லாந்துத் தொழிலாளர் கண்டுபிடிக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். சிலர் பல ஆண்டுகளாக வெளியுலகைக் கண்டதில்லை. மீட்கப்பட்ட அவர்கள் முதலில் குடிவரவுத் துறையின் காவலில்தான் வைக்கப்பட்டனர். உரிய ஆவணமின்றித் தங்கியிருந்தோர் என்பதைத் தவிர அவர்களைக் குறிக்க அன்றைய சட்டத்தில் வேறு பெயர் இல்லை.

இக்குறையை நீக்கவே மனித வணிகத்தால் பாதிக்கப்பட்டோரைப் பாதுகாக்கும் சட்டம் 2000 அக்டோபர் 28 அன்று நடைமுறைக்கு வந்தது. அகதிகளுக்குரிய நலன்கள் பாதிக்கப்பட்டோருக்கும் உண்டு என அது வகுத்தது. மாநில அரசுகளுக்கும், உள்ளாட்சிகளுக்கும், இலாபநோக்கற்ற சேவை அமைப்புகளுக்கும் மானியம் வழங்க நீதித்துறைக்கு அதிகாரம் அளித்தது. திட்டச் செலவில் 75 விழுக்காட்டுக்கு மேல் அரசு தராது. எஞ்சியதை மானியம் பெறும் அமைப்பே ஈட்டவேண்டும். கட்டடத்தையும் தன்னார்வலரின் உழைப்பையும் இப்பங்காகக் கணக்கிட இடமுண்டு என்பதால், நிலமும் ஆளும் உடைய சபைகள் எளிதில் தகுதி பெறுகின்றன. சிறு அமைப்புகளுக்கு இந்தக் கால்பங்கு பெரும் பாரம். பணம் மிகுதியும் செலவழித்தபின் ஈடுசெய்யப்படுவதாகவே வருவதால், கையில் முதல் இல்லாதவர் விண்ணப்பிக்கவே தயங்குவர். நேரடி அரசு நிதியை வழிபாட்டுக்கோ சமயப் போதனைக்கோ பயன்படுத்தலாகாது. அவை நேரத்தாலோ இடத்தாலோ பிரித்து நடத்தப்படவேண்டும். இதுவரை கூறியவற்றை நிர்வாக நுணுக்கங்கள் எனக் கொண்டு மேற்செல்லலாம்.

உண்மையான சிக்கல் சான்றிதழில் உள்ளது. வேற்று நாட்டினரான வயதுவந்தோர் இந்நலன்களைப் பெறச் சுகாதாரத் துறை வழங்கும் சான்றிதழ் வேண்டும். அதனைப் பெறுவதற்கு, குற்றவாளிகள்மீதான புலனாய்வுக்கும் வழக்குக்கும் நியாயமான எல்லா வகையிலும் ஒத்துழைக்க அவர் இணங்கவேண்டும். சிறுவருக்கு இந்நிபந்தனை இல்லை. வில்லியம் வில்பர்போர்ஸின் பெயர் தாங்கிய 2008ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், உடல் அல்லது உள்ளப் பாதிப்பினால் ஒத்துழைக்க இயலாதவருக்கும் விலக்கு அளித்தது. இருப்பினும் அடிப்படை மாறவில்லை. அரசின் கண்ணில் அவர் துன்புற்றவர் மட்டுமல்லர், சாட்சியும் ஆவார். ஊரிலுள்ள தன் தாயையும் பிள்ளைகளையும் தரகர் அறிவார் என்ற அச்சத்தோடு வாழும் ஒரு பெண்ணுக்கு, உணவும் மருந்தும் அவளுடைய வாக்குமூலத்தோடு சேர்த்தே நீட்டப்படுகின்றன. குற்றவாளியைத் தண்டிப்பது அரசின் கடமை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அக்கடமையின் சுமையை மிக நலிந்தவர்மீதே ஏற்றுவது முறையா என்பது வேறு வினா.

தமிழரும் தொடர்புடைய ஒரு வழக்கு இதனை விளக்கும். காத்ரீனா புயலுக்குப்பின், 2006 முதல், சிக்னல் இன்டர்நேஷனல் என்னும் கப்பல்தள நிறுவனம் ஏறத்தாழ 500 இந்தியப் பற்றவைப்பாளர்களையும் குழாய்ப் பொருத்துநர்களையும் மிசிசிப்பிக்கும் டெக்சாசுக்கும் வரவழைத்தது. கேரளத்தவரும் தமிழகத்தவரும் அவர்களுள் பலர். நிரந்தரக் குடியுரிமை கிடைக்கும் என நம்பி ஒவ்வொருவரும் 10,000 முதல் 20,000 டாலர் வரை முகவர்களுக்குக் கொடுத்திருந்தனர். நிலத்தை விற்றும் வட்டிக்கு வாங்கியும் சேர்த்த பணம் அது. ஆனால் கிடைத்தது தற்காலிக விசா. 24 பேர் வரை ஒரே கொட்டகையில் அடைபட்டிருந்தனர். அதற்கும் ஆளுக்கு மாதம் 1,050 டாலர் கூலியில் பிடிக்கப்பட்டது. 2008 மார்ச்சில் அவர்களில் ஒரு பகுதியினர் வேலையைத் துறந்து வெளியேறினர். 2015 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்சு நீதிமன்றத்தில் ஐவருக்கு 1 கோடியே 40 இலட்சம் டாலர் வழங்குமாறு நடுவர் குழு தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் நிறுவனம் திவால் நிலையை அறிவித்தது. எஞ்சிய வழக்குகள் 2 கோடி டாலர் உடன்பாட்டில் முடிந்தன.

வெளியேற்றத்துக்கும் தீர்ப்புக்கும் இடையே ஏழு ஆண்டுகள். நீதி தாமதமாயினும் வரக்கூடும். வாடகை அதுவரை பொறுத்திராது. மானியத்தின் பணி இவ்விடைவெளியில்தான். நீதி வந்ததும் குடிமை வழக்கின் வழியே என்பதையும் குறித்துக்கொள்ளவேண்டும். உதவி குற்றத் தண்டனைக்குக் காத்திருக்கவேண்டும் என்னும் விதி இருந்திருப்பின் இவர்கள் நிலை என்னவாயிருக்கும்?

அத்தகைய விதி நம் நாட்டிலேயே இருந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் இயற்றப்பட்டது. மறுவாழ்வுக்கான மத்தியத் திட்டம் 1978இல் தொடங்கிற்று. 2016இல் திருத்தப்பட்ட திட்டம் வயதுவந்த ஆணுக்கு 1 இலட்சம், பெண்களுக்கும் சிறுவருக்கும் 2 இலட்சம், பாலியல் சுரண்டல், ஆட்கடத்தல் போன்ற மிகக் கொடிய நிலையிலிருந்து மீட்கப்பட்டோருக்கு 3 இலட்சம் ரூபாய் என உதவியை உயர்த்தியது. அதே வேளையில் அம்முழுத்தொகையைக் குற்றவாளி தண்டிக்கப்படுவதோடு பிணைத்தது. உடனடி உதவியாக 20,000 ரூபாய் மட்டும் தீர்ப்புக்குக் காத்திராமல் கிடைக்கும். 2022இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதனை 30,000 வரை உயர்த்திற்று. செங்கல்சூளையிலும் அரிசி ஆலையிலும் மீட்கப்பட்ட ஒரு குடும்பம் உடனடித் தொகையைக் கொண்டு எத்தனை மாதம் வாழும் என்பதைச் சேகர ஊழியர்களுக்கு நாம் கணக்கிட்டுக் காட்டவேண்டியதில்லை.

ஆயர் பேரவையின் ஒப்பந்தம்

இதுவரை கூறிய நிபந்தனைகள் அரசு விதித்தவை. இனித் திருச்சபையே நிபந்தனை விதித்த வரலாற்றைக் காண்போம்.

2006இல் அமெரிக்கச் சுகாதாரத் துறை, பாதிக்கப்பட்டோருக்கான சேவைகளை நாடெங்கும் ஒருங்கிணைக்கும் ஒப்பந்தத்தைக் கத்தோலிக்க ஆயர் பேரவைக்கு அளித்தது. பேரவை பல உள்ளூர் அமைப்புகளைத் துணை ஒப்பந்தத்தின்மூலம் அமர்த்தி, அவை செய்யும் சேவைக்குப் பணம் வழங்கியது. ஐந்தாண்டுகளில் 1 கோடியே 50 இலட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகை இவ்வழியே சென்றது. தொடக்கத்திலேயே பேரவை ஒரு நிபந்தனையை வெளிப்படையாகக் கூறியிருந்தது: கருத்தடைக்கோ கருக்கலைப்புக்கோ இந்நிதியைப் பயன்படுத்தவும் கூடாது, அவற்றுக்காகப் பிறரிடம் அனுப்பிவைக்கவும் கூடாது. இது துணை ஒப்பந்தக்காரர் அனைவரையும் கட்டுப்படுத்தியது. அவர்களுள் கத்தோலிக்கர் அல்லாத அமைப்புகளும் இருந்தன.

அமெரிக்கக் குடியுரிமைகள் ஒன்றியம் 2009இல் வழக்குத் தொடுத்தது. 2011இல் ஒப்பந்தம் முடிந்தபோது அரசு அதனைப் புதுப்பிக்காது வேறு மூன்று அமைப்புகளைத் தேர்ந்தெடுத்தது. 2012 மார்ச்சில் மாசசூசெட்ஸ் மாவட்ட நீதிபதி ரிச்சர்ட் ஸ்டேர்ன்ஸ், வரிப்பணத்தைச் செலவிடுவதில் தன் கோட்பாட்டின்படி கட்டுப்பாடு விதிக்கும் அதிகாரத்தை அரசு ஒரு சமய அமைப்பிடம் ஒப்படைத்தது அரசியல் சட்டத்தின் முதலாம் திருத்தத்துக்கு முரண் எனத் தீர்ப்பளித்தார். ஒப்பந்தமே முடிந்துவிட்டமையால் வழக்குக்கு இனி இடமில்லை எனக் கூறி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013 ஜனவரியில் அத்தீர்ப்பை நீக்கியது. எனவே எத்தரப்பாரும் இதனை இறுதி வெற்றியாகக் கொள்ள இயலாது.

ஆயர்களின் நிலையை எளிதாகத் தள்ளிவிடல் தகாது. தன் மனச்சாட்சிக்கு முரணானதைச் செய்யுமாறு எவரையும் வற்புறுத்தலாகாது என்பது சீர்திருத்தத் திருச்சபைகளும் விலைகொடுத்துக் கற்ற பாடமாகும். அவர்கள் தம் நிபந்தனையை மறைக்கவும் இல்லை. ஆனால் இங்கு மனச்சாட்சி இரண்டு. ஒன்று பணத்தைப் பகிர்ந்தளிக்கும் நிறுவனத்தினுடையது. மற்றொன்று, பல மாதங்கள் தன் உடல்மீதே உரிமையின்றி வாழ்ந்து, இப்போதுதான் தனக்கென ஒரு முடிவு எடுக்கும் நிலைக்கு வந்துள்ள பெண்ணினுடையது. நான் செய்யமாட்டேன் என்று கூறுவது மனச்சாட்சியின் உரிமை. பிறர் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பிற அமைப்பினரும் அவளுக்கு வழிகாட்டக் கூடாது என்பது அவ்வுரிமையின் எல்லையைக் கடந்தது என்பதே என் கருத்து. கருக்கலைப்பைக் குறித்து வேறுவேறு கருத்துடையோரும் இவ்வேறுபாட்டை ஏற்க இயலும்.

இது உரோமன் கத்தோலிக்கரின் சிக்கல் என நாம் ஒதுங்கிவிட இயலாது. சான்பிரான்சிஸ்கோவில் பிரஸ்பிட்டேரியன் பெண்கள் 1874இல் ஏற்படுத்திய மிஷன் இல்லம், விபசாரத்துக்கும் வீட்டடிமைத்தனத்துக்கும் விற்கப்பட்ட சீனப் பெண்களுக்குப் புகலிடமாயிற்று. 1895இல் அங்கு சேர்ந்த டொனால்டினா கேமரன் 1934 வரை அதில் பணியாற்றினார். அவருடைய துணிவு போற்றத்தக்கது. அப்பணியைத் தாங்கியது மிஷன் காணிக்கை. ஆயினும் அங்கும் நிபந்தனை இருந்தது. கடுமையான கால அட்டவணை, வீட்டுவேலைப் பயிற்சி, வேத வகுப்பு, பின்னர்க் கிறிஸ்தவச் சீனருடன் திருமணம் என்பதே அவ்வில்லம் வகுத்த பாதை. அதனை மனமார ஏற்றவர் பலர். தாளாமல் வெளியேறியவரும் உண்டு. அரசுப் பணத்தைத் தவிர்த்தால் நிபந்தனையையும் தவிர்த்துவிடலாம் என எண்ணுவோர் இதனைக் கருத்திற்கொள்ளவேண்டும்.

உபாகமம் 15

விடுதலையாகும் அடிமைக்கு என்ன தரவேண்டும் என்பதை உபாகமம் 15:12-18 வியத்தகு தெளிவுடன் வகுக்கின்றது. ஆணோ பெண்ணோ, ஏழாம் ஆண்டில் விடுதலை செய்யும்போது வெறுங்கையாய் அனுப்பலாகாது. மந்தையிலும் களத்திலும் ஆலையிலும் உள்ளவற்றிலிருந்து தாராளமாய்க் கொடுக்கவேண்டும். இங்கு 14ஆம் வசனத்தில் வரும் எபிரேய வினைச்சொல் கழுத்தணியைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. விடைபெறும் அடிமையின் கழுத்தில் மாலையாய் அணிவித்து அனுப்பு என்னும் சாயல் அதில் உண்டு. யாத்திராகமம் 21இல் இக்கொடை கூறப்படவில்லை. அங்குப் பெண்ணுக்கு ஆணைப்போன்ற விடுதலையும் இல்லை. உபாகமம் இவ்விரண்டையும் சேர்க்கின்றது.

18ஆம் வசனம் காரணத்தையும் கூறுகின்றது. கூலியாளுக்குக் கொடுக்கவேண்டியிருந்ததை இந்த அடிமையின் உழைப்பு எஜமானுக்கு மிச்சப்படுத்தியிருக்கின்றது. ஆகவே இது கடினமாய்த் தோன்றவேண்டாம். இக்கொடை தருமம் அன்று, நிலுவையிலுள்ள கூலி. கூலிக்கு நன்னடத்தைச் சான்று கேட்பதில்லை. சாட்சி சொல்லவேண்டும் என்றோ, வீட்டாரின் வழிபாட்டில் கலந்துகொள்ளவேண்டும் என்றோ இங்கு விதி இல்லை. தப்பியோடி வந்த அடிமையைப் பற்றிய உபாகமம் 23:15-16 இதற்கும் மேலே செல்கின்றது: அவன் தனக்குப் பிரியமான இடத்தைத் தெரிந்துகொண்டு அங்கு வாழலாம், அவனை ஒடுக்கலாகாது.

கூர்ந்து நோக்கின், உபாகமத்தில் கொடுப்பவன் எஜமான்; அரசனோ ஆசாரியனோ அல்லன். சிக்னல் நிறுவனத்தைப்போல் எஜமான் திவாலாகிவிடும்போதும் தலைமறைவாகும்போதும் அவன் இடத்தில் அரசு நின்று செலுத்தும் ஈடாகவே மானியத்தைக் கொள்ளலாம். அங்ஙனமாயின் அதனைக் கொண்டுசேர்க்கும் திருச்சபை புரவலன் அன்று. பிறர் கூலியைச் சுமந்து செல்லும் ஏவலாள்.

தென்னிந்தியத் திருச்சபைகளில் பெண்களுக்கும் சிறுவருக்குமான இல்லங்கள் நெடுங்காலமாய் நடந்துவருகின்றன. 2007இல் தொடங்கிய உஜ்வாலா திட்டம் (பின்னாளில் வந்த சமையல் எரிவாயுத் திட்டம் அன்று) கடத்தலிலிருந்து மீட்கப்பட்டோருக்கான இல்லங்களைத் தொண்டு நிறுவனங்கள் நடத்த மானியம் வழங்கியது. 2022இல் அது சக்தி சதன் என்னும் திட்டத்தில் இணைக்கப்பட்டது. இத்தகைய ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் பொறுப்பு பல வேளைகளில் ஆயர் ஒருவரிடம் வந்துசேர்கின்றது. தொகை எவ்வளவு, தவணை எப்போது என்பவற்றோடு, இல்லத்தில் தங்கியிருப்பவர் வழக்கில் சாட்சி சொல்ல மறுத்தால் அவர் இடம் என்னவாகும் என்பதையும், மானியத் தவணை நின்றால் அவருக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு உண்டு என்பதையும் அவர் எழுத்தில் கேட்டுப் பெறலாம். அரசிடம் இதனைக் கேட்குமுன் நம் சொந்த விடுதி விதிகளையும் எடுத்துப் பார்ப்பது நன்று. காலை ஜெபவேளையில் தன் அறையிலேயே இருந்துவிட விரும்பும் பெண்ணுக்கு அன்றைய உணவு மற்றவர்களோடு அதே நேரத்தில் பரிமாறப்படுமா என்பது அவற்றில் எவ்வாறு எழுதப்பட்டிருக்கின்றது எனக் காணலாம்.