உம்மாவின் ஊசிமருந்தும் உயிரின் மூலக்கூறுகளும்

உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கத் தொடங்கிய நாளிலிருந்து முதலாம் தவணையில் ஒரு சின்னக் கணக்குக் கொடுப்பது என் வழக்கம். ஒரு குளுக்கோசு மூலக்கூறில் காபன் 6, ஐதரசன் 12, ஒட்சிசன் 6. இரண்டு குளுக்கோசு சேர்ந்தால் மோல்ற்றோசு. அதில் எத்தனை அணுக்கள்? வகுப்பில் பாதிக்கு மேல் 12, 24, 12 என்று எழுதிவிடுவார்கள். கூட்டல் சரி, விடை பிழை. சரியான விடை 12, 22, 11. “மற்ற ரெண்டு ஐதரசனும் ஒரு ஒட்சிசனும் எங்க சேர் போச்சு?” என்று கேட்கிற பிள்ளைக்குத்தான் பாடம் உண்மையில் தொடங்குகிறது.

அவை நீராகப் போய்விட்டன. இரண்டு சிறு மூலக்கூறுகள் கைகோர்க்கும் இடத்தில் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. இது ஒடுக்கல். அதே இடத்தில் ஒரு நீரைத் திருப்பிக் கொடுத்தால் பிணைப்பு அறும். இது நீர்ப்பகுப்பு. மாப்பொருள், புரதம், கொழுப்பு, நியூக்கிளிக் அமிலம் எல்லாம் இப்படித்தான் கட்டப்படுகின்றன, இப்படித்தான் உடைகின்றன. சோறு சமிப்பதும் இதுதான். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் அந்த அலகில் பாதி முடிந்த மாதிரி. மீதியை மனனம் செய்து எழுதிவிடலாம் என்றுதான் நானும் நீண்டகாலம் நினைத்திருந்தேன். உம்மாவின் வருத்தம் வந்து அந்த நினைப்பைக் கெடுத்தது.

உம்மாவுக்குச் சீனி வருத்தம். தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை நிறுத்திப் பல வருடங்கள். ஆனாலும் கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் அளவு கூடித்தான் இருக்கும். “சீனி ஒரு கரண்டியும் தொடுறல்ல மகன், பின்ன எப்பிடிக் கூடும்? அந்த மெசின்லதான் பிழை” என்பார். சொல்லிவிட்டுக் காலையில் இரண்டு குழல் பிட்டு சாப்பிடுவார்.

பிட்டு அரிசிமா. அரிசிமாவில் பெரும்பகுதி மாப்பொருள். மாப்பொருள் என்பது நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் குளுக்கோசு கோத்த சங்கிலி. அந்த நீளச் சங்கிலியை நாவின் இனிப்பு வாங்கிகள் அடையாளம் காண்பதில்லை. அதனால் பிட்டு இனிப்பதில்லை. குடலில் நொதியங்கள் அதை வெட்டி முடித்ததும் இரத்தத்துக்குப் போவது அதே குளுக்கோசுதான். ஒரு நாள் உம்மாவிடம் வெறும் சோற்றை விழுங்காமல் நன்றாக மெல்லச் சொன்னேன். சற்று நேரத்தில் கண்ணை விரித்து, “ஓம் மகன், லேசா இனிக்குது” என்றார். உமிழ்நீரில் இருக்கும் அமைலேசு சங்கிலியை அவர் வாயிலேயே வெட்டத் தொடங்கியிருந்தது. ஆய்வுகூடத்தில் அயடீன் விட்டு, கருநீலம் மறைவதைக் காட்டுவதைவிட இது சுருக்கமான பரிசோதனை.

வைக்கோலில் இருக்கும் செலுலோசும் குளுக்கோசுச் சங்கிலிதான். அங்கே கோக்கப்பட்டிருக்கும் விதம் வேறு. மாப்பொருளில் அல்பா இணைப்பு, செலுலோசில் பீற்றா இணைப்பு. அந்தப் பீற்றா இணைப்பை வெட்டும் நொதியம் நம்மிடம் இல்லை. மாட்டிடமும் சொந்தமாக இல்லை. அதன் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணங்கிகளிடம் இருக்கிறது.

கடைசியில் குளிசைகள் போதாமல் உம்மாவுக்கு இன்சுலின் எழுதினார்கள். “இதையும் குளிசையாத் தரேலாதா?” என்று கேட்டார். நல்ல கேள்வி. இன்சுலின் ஒரு புரதம். 51 அமினோ அமிலங்கள், 21 உள்ள ஒரு சங்கிலியாகவும் 30 உள்ள இன்னொரு சங்கிலியாகவும் பெப்ரைட்டுப் பிணைப்புகளால் கோக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு சங்கிலிகளையும் கந்தகப் பாலங்கள் இரண்டு இணைக்கின்றன. மூன்றாவது பாலம் சிறிய சங்கிலிக்குள்ளேயே இருக்கிறது. இந்த ஒழுங்கு முழுவதையும் 1950களில் கண்டுபிடித்துக் காட்டிய பிரெட்ரிக் சாங்கருக்கு 1958இல் நோபல் பரிசு கிடைத்தது. இப்படிக் கட்டிய சாமானை விழுங்கினால், சமிபாட்டு நொதியங்கள் அதையும் ஒரு துண்டு இறைச்சியாகத்தான் பார்க்கும். நீரைச் சேர்த்து வெட்டிப்போடும். அதனால்தான் ஊசி.

உம்மா அடுத்துக் கேட்டது வேறு. “இது பன்டியிலிருந்து எடுக்கிறதாமே?” ஊரில் பலருக்கும் இந்தக் கேள்வி உண்டு, வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு. ஒரு காலத்தில் அது உண்மை. 1922இல் கனடாவின் ரொறன்ரோவில் முதல் நோயாளிக்கு ஊசி போட்டது முதல் பல தசாப்தங்களாக மாடு, பன்றி ஆகியவற்றின் சதையியிலிருந்துதான் இன்சுலின் எடுத்தார்கள். மனித இன்சுலினிலிருந்து பன்றியினது ஒரே ஓர் அமினோ அமிலத்தாலும், மாட்டினது மூன்றாலும் வேறுபடும். 1978இல் மனித இன்சுலினுக்கான டீ.என்.ஏ. குறிப்பை எசரிக்கியா கோலி பற்றீரியாவுக்குள் செலுத்தி அதைக்கொண்டே இன்சுலினைச் செய்வித்தார்கள். 1982இல் அது அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. டீ.என்.ஏ.யில் மூன்று மூலங்கள் சேர்ந்து ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். 51 அமினோ அமிலத்துக்கு 153 மூலங்கள் போதும். பற்றீரியாவும் நாமும் ஒரே குறியீட்டு அகராதியைப் பாவிப்பதால்தான் இது நடந்தது. உம்மாவின் குப்பியில் மனித இன்சுலின் என்று இருந்ததை வாசித்துக் காட்டினேன். “அல்லாஹ், மனிசன்ட எடுத்ததா?” என்று பதறினார். அதை விளங்கப்படுத்த இன்னும் அரை மணித்தியாலம் போனது.

இனி என் பிழை. 2022 மார்ச் மாதம், ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாத காலம். வெயில் காலமும் கூட. ராத்தா யோசித்து, கரண்ட் வந்த நேரம் குப்பியை ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டார். “கரண்ட் போனாலும் ஐஸ் கொஞ்ச நேரம் நிக்கும்தானே.” யோசனையில் பிழை சொல்ல முடியாது. காலையில் இளக வைத்து ஊசி போட்டார். மூன்றாம் நாள் உம்மா வாய் வறண்டு, சோர்ந்து கிடந்தார். இரத்தத்தில் குளுக்கோசு 400ஐ நெருங்கியிருந்தது. வார்ட்டில் இரண்டு இரவு. வீட்டுக்கு வந்து குப்பியை எடுத்துப் பார்த்தேன். அது பால்போலக் கலங்கலான வகை, உருட்டினால் ஒரே சீராக வர வேண்டும். எவ்வளவு உருட்டியும் சிறு கட்டிகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றன.

உறையும்போது நீர் தன் பளிங்குக்குள் இன்சுலினைச் சேர்ப்பதில்லை. ஒதுக்கப்பட்ட இன்சுலின் துணிக்கைகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கட்டியாகிவிடும். இளகினாலும் பழைய நிலைக்கு வராது. அப்படியானதை ஊசியில் ஏற்றினால் எவ்வளவு மருந்து உள்ளே போகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. சூடும் இன்னொரு வழியில் கெடுக்கும். புரதத்தின் மடிப்பைப் பிடித்து வைத்திருப்பவற்றில் பல, ஐதரசன் பிணைப்பு போன்ற மெல்லிய பிணைப்புகள். சூடேறினால் அவை அவிழும். முட்டை அவிந்து வெள்ளையாவது அதனால்தான். பரீட்சையில் பிள்ளைகள் ‘இயல்பழியும்போது பெப்ரைட்டுப் பிணைப்பு உடைகிறது’ என்று எழுதிப் புள்ளி இழக்கிறார்கள். அவித்த முட்டையிலும் அமினோ அமிலங்களின் வரிசை அப்படியேதான் இருக்கிறது. மாறியது மடிப்பு. இதைப் பதினெட்டு வருடம் வகுப்பில் சொன்ன நான், குப்பி வந்த நாளில் ராத்தாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மின்வெட்டு தொடர்ந்தது. பெரிய மண்சட்டிக்குள் சின்ன முட்டி, இடையில் ஈர மணல், மேலே நனைத்த துணி. குப்பியை ஒரு டப்பாவில் போட்டு முட்டிக்குள் வைத்தோம். நீர் மூலக்கூறில் ஒட்சிசன் இலத்திரன்களைத் தன் பக்கம் இழுப்பதால் அந்தப் பக்கம் சற்று மறை ஏற்றமும் ஐதரசன் பக்கம் சற்று நேர் ஏற்றமும் உண்டாகி, மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. இதுதான் ஐதரசன் பிணைப்பு. அந்தப் பிடியை விடுவித்து 1 கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 யூல் வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் சட்டியிலிருந்து போகிறது, சட்டி குளிர்கிறது. கடற்கரை ஊரில் ஈரக்காற்று வீசும் நாளில் அவ்வளவு குளிராது என்பதையும் சொல்ல வேண்டும். புதுக் குப்பிக்குரிய 2 முதல் 8 பாகை இப்படிக் கிடைக்காது. ஆனால் திறந்து பாவிக்கும் குப்பியை, வகையைப் பொறுத்து, 25 அல்லது 30 பாகைக்குக் கீழே ஏறத்தாழ ஒரு மாதம் வைத்திருக்கலாம். அதற்கு முட்டி உதவியது. உங்கள் குப்பிக்கு எது பொருந்தும் என்பதை அதன் தாளிலோ மருந்தாளரிடமோ பார்த்துக்கொள்ளுங்கள்.

கொழுப்பைப் பற்றி இங்கே அதிகம் சொல்லவில்லை. அது மற்றவற்றைப் போல நீண்ட சங்கிலியாகக் கோக்கப்பட்டதும் அல்ல. கலத்தைச் சுற்றியுள்ள மென்சவ்வு கொழுப்புப் படை, அதனூடாக நீரில் கரையும் குளுக்கோசு சும்மா நுழையாது. இன்சுலின் வெளியே நின்று வாங்கியைத் தொட்டதும் தசைக் கலங்கள் தங்கள் காவிப் புரதங்களை மென்சவ்வுக்கு அனுப்பிக் குளுக்கோசை உள்ளே எடுக்கின்றன. இதுவரை வந்த எல்லா மூலக்கூறுகளும் அந்த ஒரு வாசலில் சந்திக்கின்றன.

இப்போது குப்பி பிரிட்ஜின் நடுத்தட்டில் முட்டைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஐஸ் பெட்டிக் கதவில் ‘மருந்து வைக்கப்படாது’ என்று ராத்தா ஒரு தாள் எழுதி ஒட்டியிருக்கிறார். உம்மா பிட்டை ஒரு குழலாகக் குறைத்துவிட்டார். அந்த ஒன்று கொஞ்சம் நீளமாக இருப்பதாக எனக்குச் சந்தேகம்.