கடலிலிருந்து தீவுகளை எழுப்பிய பாட்டு

ஆதியில் எங்கும் கடல். செகோய் ஆதிமொழியில் பெயர்களைச் சொல்லச் சொல்ல, தீவுகள் அலைக்கு மேலே எழுந்தன. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் கற்பனை செய்த எர்த்சீ என்னும் தீவுக்கூட்டத்தின் படைப்புக் கதை இவ்வளவுதான். அதைப் பாடும் ‘ஏயாவின் படைப்பு’ என்ற பாட்டின் சில வரிகளை, 1968இல் வந்த ‘எ விசர்ட் ஆஃப் எர்த்சீ’ நாவலின் முகப்பிலேயே வைத்திருக்கிறார்.

அலங்காரத்துக்காக வைத்த வரிகள் அல்ல அவை. லெ குவினின் தந்தை ஆல்ஃபிரட் குரோபர், கலிஃபோர்னியாவின் தொல்குடிகளை ஆராய்ந்த மானிடவியலாளர். யாஹி இனத்தின் கடைசி மனிதரான இஷியின் வாழ்க்கையை 1961இல் நூலாக எழுதியவர் தாய் தியோடோரா. தொல்குடிகளின் கதைகள் புழங்கிய அந்த வீட்டில் வளர்ந்தவருக்கு, ஒரு படைப்புக் கதை எங்கே உயிரோடு இருக்கும் என்பது தெரிந்திருக்கிறது: அது மக்கள் அன்றாடம் செய்யும் காரியங்களில் இருக்கும்.

பெயர் சொல்லி உலகம் பிறந்தது என்றால், ஒன்றின் மெய்ப்பெயரை அறிந்தவருக்கு அதை ஆளும் வல்லமையும் உண்டு. எர்த்சீயின் வாழ்க்கை முழுவதும் இதிலிருந்து கிளைக்கிறது. சுமார் பதின்மூன்று வயதில், ஆற்றுநீரிலோ ஊற்றுநீரிலோ நடக்கும் சடங்கில் பிள்ளைக்கு மெய்ப்பெயர் தரப்படுகிறது. நாயகன் கெட், குளிர்ந்த ஆர் நதியைக் கடந்து வந்துதான் அதைப் பெறுகிறான். ஊருக்குள் வழங்குவது வேறு பெயர். மெய்ப்பெயரை ஒருவரிடம் சொல்வது உயிரையே ஒப்படைப்பது. நட்பின் உச்சமும் காதலின் உச்சமும் அதுதான்.

ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் இன்னும் கடுமை. வடமுனையின் தனிக்கோபுரத்தில் குர்ரெம்கார்மெர்ருக் என்ற ஆசான், பட்டியல் பட்டியலாகப் பெயர்களை மனப்பாடம் செய்யவைக்கிறார். கடலைக் கட்ட நினைப்பவன் அதன் ஒவ்வொரு குடாவின், ஒவ்வொரு முனையின் பெயரையும் அறிந்திருக்க வேண்டும். ஓர் ஆயுளில் அது முடியாது; ஆகவே எந்த மந்திரவாதியும் எல்லாம் வல்லவனாக முடியாது. அதிகாரத்துக்குப் படைப்புக் கதையே வரம்பு கட்டிவிடுகிறது. பின்னாளில் வந்த எத்தனையோ மிகைபுனைவுகளில் இந்தக் கறார் இல்லை.

கோடையின் மிகக் குறுகிய இரவில் தீவுகள்தோறும் மக்கள் ‘நெடுநடனம்’ ஆடுகிறார்கள். கடல் பிரித்த நிலங்களை ஒரே தாளம் அன்று இணைக்கிறது. 1972இல் வந்த ‘தி ஃபார்தெஸ்ட் ஷோர்’ நாவலில் இந்த நடனமே தடுமாறுகிறது. சாவை வெல்லத் துடித்த ஒரு மந்திரவாதி உயிருக்கும் சாவுக்கும் இடையிலான கதவைத் திறந்துவிட, உலகெங்கும் வித்தைகள் மறந்துபோகின்றன. நடுக்கடலில் தெப்பங்களிலேயே வாழும் மக்களின் பாடகர்கள், ஆட்டத்தின் நடுவே பாட்டை மறந்து வாயடைத்து நிற்கிறார்கள். அப்போது இளவரசன் ஆரன் எழுந்து ‘ஏயாவின் படைப்பை’ விடியும்வரை பாடுகிறான். நான்கு சுவடி எரிந்ததாக எழுதியிருந்தால் இவ்வளவு பதைப்பு வராது.

லெ குவினின் உண்மையான துணிச்சல் இதற்குப் பிறகுதான் தெரிகிறது. 18 ஆண்டுகள் கழித்து எழுதிய ‘தெஹானு’வில், மனிதரும் டிராகன்களும் ஆதியில் ஒரே இனம் என்ற பழங்கதை தலைகாட்டுகிறது. 2001இல் வந்த ‘தி அதர் விண்ட்’ அதை முழுதாகத் திறக்கிறது. மனிதர் உடைமைகளையும் டிராகன்கள் சுதந்திரத்தையும் ஏற்பதாக ஓர் ஒப்பந்தம் இருந்தது. சாகாமல் இருக்க ஆசைப்பட்ட மந்திரவாதிகள் அதை மீறி, டிராகன்களின் மேற்கு நிலத்தில் ஒரு பகுதியைத் திருடிச் சுவர் எழுப்பினார்கள். அதுவே காற்றில்லாத, அன்பில்லாத மரண நிலமானது.

இந்தக் கதையை நினைவில் வைத்திருந்தவர்கள் யார்? ரோக்கின் பண்டிதர்கள் அல்லர். மெய்ப்பெயர் வழக்கமே இல்லாத, அநாகரிகர் என்று மற்றவர்கள் ஒதுக்கிய கார்கு மக்கள். செத்தவர் மறுபடி பிறப்பார் என்று நம்பும் அவர்களின் இளவரசி செசராக், இந்தப் பழங்கதையை அரசவைக்குக் கொண்டுவருகிறாள். மந்திரவாதிகளும் டிராகன்களும் சாதாரணச் சட்டிபானை ஒட்டும் ஆல்டரும் சேர்ந்து அந்தச் சுவரைக் கல் கல்லாக இடிக்கிறார்கள்; அடைபட்டுக் கிடந்த இறந்தவர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறுகிறார்கள்.