போக 60, வர 40... சராசரி வேகம் 50 இல்லீங்க!

ஓசூர்,

ஓசூர் சிப்காட் கம்பெனிகளில் வேலை பார்க்கும் தொழிலாளர்களில் பலர் கிருஷ்ணகிரி, சூளகிரி பக்கமிருந்து தினமும் பஸ்சிலும் மோட்டார் சைக்கிளிலும் வந்து போகிறார்கள். எத்தனை மணிக்கு கிளம்பினால் ஷிப்டுக்கு சரியாக போய் சேரலாம் என்பது இவர்களுக்கு அன்றாட கணக்கு. அதில் பலரும் தடுக்கி விழும் இடம், சராசரி வேகம்.

கிருஷ்ணகிரியில் இருந்து ஓசூர் சுமார் 50 கி.மீ. போகும்போது மணிக்கு 60 கி.மீ., திரும்பும்போது 40 கி.மீ. வேகம் என்றால் சராசரி எவ்வளவு? இரண்டையும் கூட்டி பாதியாக்கி '50' என்பார்கள் பலர். அது தப்பு.

சரியான வழி என்ன?

மொத்த தூரத்தை மொத்த நேரத்தால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.

60-ல் 50 கி.மீ. போக 50 நிமிடம். 40-ல் திரும்பி வர 75 நிமிடம். மொத்தம் 125 நிமிடத்தில் 100 கி.மீ. அப்படின்னா மணிக்கு 48 கி.மீ.தான். மெதுவாக வந்த வேகத்தில் அதிக நேரம் இருந்ததால் சராசரியும் அந்த பக்கமாக இறங்கி விடுகிறது.

1 மணி நேரம் 60-லும், 1 மணி நேரம் 40-லும் ஓட்டினால் மட்டும் 50 என்பது சரி. அதாவது நேரம் சமமாக இருந்தால் கூட்டி பாதியாக்கலாம். தூரம் சமமாக இருந்தால் கூடாது.

தூரம் சமமாக உள்ள கணக்குக்கு குறுக்கு வழி உண்டு. இரு வேகங்களையும் பெருக்கி, இரண்டால் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 60x40x2=4,800. அதை 100-ஆல் வகுத்தால் 48.

விட்டதை பிடிக்க முடியாது

காலை 5 மணிக்கு கிருஷ்ணகிரியில் கிளம்பும் கம்பெனி பஸ் 6 மணிக்கு ஓசூர் சேர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 50 கி.மீ. வேகம் தேவை. மேலுமலை ஏற்றத்தில் லாரி ரிப்பேராகி நிற்க, சூளகிரி வரையிலான பாதி தூரம் 25 கி.மீ. வேகத்தில்தான் நகர்ந்தது. "மீதி தூரத்தை 75-ல் அடிச்சா சரியாயிடும்" என்று டிரைவர் நினைக்கலாம்.

ஆனால் சூளகிரியிலேயே மணி 6 ஆகிவிட்டது. இனி எந்த வேகத்தில் போனாலும் லேட்டுதான். 75-ல் போனால் 6.20-க்கு ஓசூர். பதற்றமில்லாமல் 60-ல் போனால் 6.25. மிச்சமாவது வெறும் 5 நிமிடம். மொத்த பயண சராசரியோ, 75-ல் விரட்டினாலும் 37½ கி.மீ.தான்.

அந்த 5 நிமிடத்துக்காகத்தான் கனரக லாரிகள் ஓடும் சாலையில் உயிரை பணயம் வைக்கிறோம். 72 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 20 மீட்டர் போய்விடும். செல்போனை 2 விநாடி பார்த்தால் 40 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியது போல.

தேர்விலும் வரும்

ரெயில்வே குரூப்-டி தேர்வில் 100 கேள்விகளில் 25 கணிதம். 'காலமும் தூரமும்' அதன் பாடத்திட்டத்தில் உள்ளது. ஒரு தப்பான விடைக்கு 1/3 மதிப்பெண் கழியும். எனவே '50' என்று அவசரப்பட்டு டிக் செய்ய வேண்டாம்.

நீங்களும் போட்டு பாருங்கள்: ஓசூரில் இருந்து பெங்களூரு 40 கி.மீ. அத்திப்பள்ளி நெரிசலில் நின்ற நேரமும் சேர்த்து போக 1 மணி 30 நிமிடம், வர 1 மணி 10 நிமிடம். சராசரி வேகம் என்ன?

விடை: 80 கி.மீ., 160 நிமிடம். மணிக்கு 30 கி.மீ. வண்டி நின்ற நேரத்தையும் கணக்கில் சேர்க்க மறக்கக்கூடாது.