மாவு மிஷின்: ரிப்பேரா, புதுசா?

மாவு மில் நடத்தும் குழுக்களுக்குப் போனால் எங்களிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "இந்தப் பழைய மிஷினோட எத்தனை நாள் மாரடிக்கிறது? கடன் போட்டுப் புதுசு வாங்கிடலாமா?" அவசரப்படாதீங்க சகோதரிகளே.

மாவு கொரகொரப்பாகவும் சூடாகவும் விழுந்தால் பெரும்பாலும் கல்தான் தேய்ந்திருக்கும். கொத்தினால் சரியாகிவிடும். கல், பெல்ட், பேரிங் மூன்றுமே தேய்கிற சாமான்கள்தான்.

மெயினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றி, புல்லியை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பேரிங்கை மாற்றுங்கள். மாற்றியும் ஆடினால் ஷாஃப்ட் தேய்ந்திருக்கலாம். அதை லேத் பட்டறையில் காட்டலாம். 1990களில் கல்குவாரியையே குத்தகைக்கு எடுத்து நடத்திய புதுக்கோட்டைப் பெண்களுக்கு இதெல்லாம் பெரிய காரியமா?

பாடியே வெடித்திருந்தால் ஒட்டுப்போட்டு ஓட்டாதீர்கள். இரும்பு பிளேட் மிஷின் என்றால் மாவில் காந்தத்தை விட்டுப் பாருங்கள். இரும்புத்தூள் ஒட்டினால் உடனே நிறுத்திச் சரிசெய்யுங்கள். நம்ம பிள்ளைகள் சாப்பிடுகிற மாவு.

அடுத்து நோட்டு. ஒரு வருஷ ரிப்பேர் செலவோடு, மிஷின் நின்ற நாட்களில் போன அரவைக் கூலியையும் சேருங்கள் (இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம்). அது மாதத்துக்கு 1,500 ரூபாய், புதுசுக்குத் தவணை 3,000 என்றால் பழசே ஓடட்டும். செலவு தவணையைத் தாண்டினால் கூட்டத்தில் பேசுங்கள். அரவை குறைந்த மாதத்திலும் தவணை கட்ட முடியுமா? தவறினால் குழு மொத்தத்துக்கும் அடுத்த கடன் சிக்கலாகும்.

புதுசுதான் என்று முடிவானாலும் மோட்டாரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நல்லா இருந்து, குதிரைத்திறனும் பொருந்தினால் புது மிஷினுக்கே மாட்டலாம்.