பொது நிலம் கைமாறும்போது மக்கள் பிரதிநிதி மௌனம் காக்கலாமா?

அரசாங்க நிலம் என்றால் அது அரசாங்கத்தின் சொத்து என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது மக்களின் சொத்து. அரசாங்கம் அதன் காவலாளி. காவலாளியே அதைக் கைமாற்ற முன்வந்தால் தட்டிக்கேட்க வேண்டியவர் யார்? மக்கள் வாக்களித்து அனுப்பிய சட்டமன்ற உறுப்பினர்தான்.

மலேசியாவில் நிலமும் காடும் மாநில அதிகாரத்திற்கு உட்பட்டவை. வருமான வரி, சுங்க வரி போன்ற பெரிய வருவாய்கள் மத்திய அரசாங்கத்தைச் சேருகின்றன. மாநிலங்களுக்கு நில வரியும், நிலம் வழங்கும்போது கிடைக்கும் பிரிமியத் தொகையும் முக்கிய வருமானம். ஆகவே, பணம் தேவைப்படும்போது மாநிலத்தின் பார்வை நிலத்தின் மீது விழுவது இயல்பே. நிலத்தை வழங்கும் முடிவை எடுப்பது மாநில ஆட்சிக்குழு. அதற்கெல்லாம் சட்டமன்றத்தில் வாக்கெடுப்பு நடப்பதில்லை. சிக்கல் இங்குதான் தொடங்குகிறது.

சிலாங்கூரில் நடந்ததே இதற்குச் சான்று. கோல லங்காட் வட காட்டு வளப் பகுதியில் 931 ஹெக்டரை மேம்பாட்டுக்காக விடுவிக்கும் திட்டம் 2020 பிப்ரவரியில் வெளியானது. அது சதுப்புக் காடு. மழை நீரைத் தேக்கி வைக்கும். வறண்டால் எளிதில் தீப்பிடித்துப் புகைமூட்டத்தைக் கிளப்பும். தெமுவான் பூர்வக்குடி மக்களின் வாழ்வும் அதனோடு பின்னிப் பிணைந்தது. ஆயிரக்கணக்கானோர் ஆட்சேபம் தெரிவித்தனர். அவ்வாண்டு நவம்பரில் மாநிலச் சட்டமன்றமும் காட்டைக் காக்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது.

ஆனால் நடந்தது என்ன? 2021 மே மாதம் அக்காட்டில் சுமார் 536 ஹெக்டரின் வனத் தகுதி நீக்கப்பட்டது. ஆகஸ்டு இறுதியில்தான் அது வெளிச்சத்துக்கு வந்தது. கட்சி வேறுபாடின்றி எதிர்ப்பு கிளம்பவே, செப்டம்பர் 8ஆம் தேதி அம்முடிவு கைவிடப்படுவதாக மந்திரி பெசார் அறிவித்தார். தீர்மானம் தடுக்காததை மக்களின் குரல் தடுத்தது எனலாம். ஆனால், ஒவ்வொரு முறையும் செய்தி உரிய நேரத்தில் கசியும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

தலைநகரின் தாமான் ரிம்பா கியாரா பூங்கா விவகாரமும் கவனிக்கத்தக்கது. அங்கு உயர்மாடிக் குடியிருப்புகள் கட்ட 2017இல் அனுமதி வழங்கப்பட்டது. அருகிலிருந்த நீண்ட வீடுகளில் பல்லாண்டுகளாகக் காத்திருந்த முன்னாள் புக்கிட் கியாரா தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு வீடு கட்டித் தருவதும் அத்திட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தது. அந்த அனுமதி செல்லாது என்பதைக் கூட்டரசு நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உறுதிப்படுத்தியது. ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டன. ஏழைத் தமிழர்களின் வீட்டுக் கனவும் பொதுமக்களின் பூங்காவும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தப்பட்டதே இதில் பெரும் வேதனை. தொழிலாளர்களுக்கு வீடு தருவது அவர்களின் உரிமையை நிறைவேற்றுவதாகும். அதற்குப் பூங்கா விலையாக வேண்டியதில்லை.

மேம்பாடு வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் நிலம் தேவைதான். ஆனால், பிரிமியப் பணம் ஒருமுறை மட்டுமே வரும். போன நிலம் திரும்புவது அரிது.

தேசிய வனச் சட்டத்தில் 2022இல் செய்யப்பட்ட திருத்தம், காட்டு நிலத்தை விடுவிக்கும் முன் பொது விசாரணை நடத்துவதையும் மாற்று நிலம் ஒதுக்குவதையும் வலியுறுத்துகிறது. ஆயினும் மாநிலங்கள் அதனை ஏற்றுச் சட்டமாக்கினால்தான் அது அங்கு நடைமுறைக்கு வரும். அதற்குக் கை உயர்த்த வேண்டியவர்கள் சட்டமன்ற உறுப்பினர்களே. பூங்கா, திடல், ஆற்றங்கரை ஆகியவற்றுக்கும் இதே பாதுகாப்பை அவர்கள் கோரலாம். எந்த நிலம், யாருக்கு, என்ன விலைக்கு வழங்கப்பட்டது என்று ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் கேள்வி எழுப்பலாம்.

வாக்காளர்களுக்கும் பொறுப்பு உண்டு. நாளிதழில் வரும் நில அறிவிப்புகளைப் படிப்பதும், கெடு முடியுமுன் எழுத்துப்பூர்வமாக ஆட்சேபம் தெரிவிப்பதும், அதன் நகலைத் தொகுதி உறுப்பினரிடம் கொடுத்து அவரது நிலைப்பாட்டைக் கேட்பதும் யாவராலும் இயலும். கேட்கும் தொகுதியில்தான் பதில் சொல்லும் உறுப்பினர் உருவாகிறார்.