சொல்லக் கூசினாலும் சிகிச்சை உண்டு

விலங்குகள் மீது பாலியல் நாட்டம் உள்ளவர்கள் மனநல மருத்துவர்களான எங்களிடம் வருவது அபூர்வம். வருபவர்களும் குடியும் தற்கொலை எண்ணமும் சேர்ந்த பிறகே வருகிறார்கள். அதற்குள் லாட்ஜ் வைத்தியரிடம் பணத்தைக் கொட்டி, மருந்துச்சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரையும் விழுங்கியிருப்பார்கள். அந்த மாத்திரை நாட்டத்தைத் தொடுவதே இல்லை. குடியோடு சேர்ந்தால் உயிரைத்தான் எடுக்கும்.

எண்ணம் வந்தாலே அந்த நாட்டமா?

இல்லை. ஆட்டுக்குட்டியைத் தூக்கக்கூடப் பயந்து, கொட்டகைப் பக்கமே போகாத இளைஞருக்கு இருப்பது பெரும்பாலும் ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோய். அந்த எண்ணத்தை அவர் அருவருக்கிறார். ஓசிடி சிகிச்சையால் நன்றாகக் கட்டுப்படும்.

டெல்லித் தடயவியல் பேராசிரியர் அனில் அகர்வால் 2011-ல் விலங்குகள் மீதான நாட்டத்தைப் பத்து வகைகளாகப் பிரித்தார். கற்பனையோடு நிற்பவர் ஒரு வகை, விலங்கை வதைத்து இன்பம் காண்பவர் வேறு வகை. இருவரையும் ஒரே தட்டில் வைத்து ஏசுவதால்தான் முதலாமவர் வாயே திறப்பதில்லை.

நம்பிக்கைகள் செய்யும் கேடு

கழுதையோடு சேர்ந்தால் மேகவெட்டை தீரும் என்ற மூடநம்பிக்கையை நம் தடயவியல் பாடநூல்களே பதிவு செய்திருக்கின்றன. மேகவெட்டைக்குத் தேவை ஆன்டிபயாடிக். வாயில்லா ஜீவன் அல்ல.

‘கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும்’ என்பது அதைவிடக் கொடுமை. ஒன்றும் அறியாத ஒரு பெண்ணை மருந்தாக்காதீர்கள்.

‘யாருக்கு என்ன நஷ்டம்?’ என்பவர்களுக்கு: விலங்கால் சம்மதம் சொல்ல முடியாது, காயத்தையும் சொல்ல முடியாது. மனிதருக்கும் ஆபத்து உண்டு. கிராமப் பின்னணி கொண்ட 492 பிரேசில் ஆண்களிடம் நடந்த ஆய்வு 2012-ல் வெளியானது. ஆணுறுப்புப் புற்றுநோயாளிகளில் 44.9 சதவீதத்தினரும், அந்நோய் இல்லாதவர்களில் 31.6 சதவீதத்தினரும் விலங்குகளோடு உறவு கொண்டிருந்தனர். இதுதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை, அலட்சியப்படுத்தவும் முடியாது.

பெரியவர் திடீரென மாறினால்

பார்க்கின்சன் நோய்க்கு டோபமைன் வகை மருந்து எடுப்பவர்களில் சிலருக்கு இந்த நாட்டம் புதிதாகத் தோன்றியது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. ‘இந்த வயதில் இப்படியா’ என்று அவரை அவமானப்படுத்தாதீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், அது இன்னும் ஆபத்து. எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பரிசோதனை

ஏற்கெனவே விலங்கோடு உறவு கொண்டவர்களுக்குப் பால்வினை நோய்களுக்கும் எச்.ஐ.வி.க்கும் பரிசோதனை செய்வோம். தேவைப்பட்டால் வெறிநோய்த் தடுப்பூசி.

தயவுசெய்து முன்னதாக வாருங்கள்

பேச்சு சிகிச்சையும் மருந்தும் உந்துதலை அடக்க உதவும். நீங்கள் சொல்வதை ரகசியமாகக் காக்க 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் எங்களைக் கட்டாயப்படுத்துகிறது. நேரில் வரக் கூச்சமா? 14416 என்ற டெலிமனாஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. எண்ணம் செயலாகும் முன்பே பேசிவிடுங்கள். பொங்கல் கழியட்டும், அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.